கெல்ப் காட்டில் குளிர்கால டைவ்: வடசென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே ஸ்கூபா கார்டு வாங்கிவிட்டு, டிசம்பர், ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே பக்கம் அண்ணன் வீட்டுக்கோ பிள்ளை வீட்டுக்கோ போகிறவர்களுக்கான பக்கம் இது. அங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் மான்டெரே என்ற கடற்கரை ஊர். சனி, ஞாயிறு இரண்டு நாளில் நிதானமாக மூன்று டைவ் போய்வரலாம். கேள்விகள் ராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் ஆட்கள் கேட்பவை. பதில்கள் மான்டெரேயை மனதில் வைத்துச் சொன்னவை.

கெல்ப் என்றால் என்ன? நம் கடலில் ஏன் இல்லை?

பழுப்புநிறக் கடற்பாசி, ஆனால் மரம் உயரத்துக்கு. மண்டபம் பக்கம் கட்டக்கோரை எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கட்டக்கோரையும் பழுப்புப் பாசிதான், அதிலும் மிளகு அளவுக்குக் காற்றுப்பைகள் உண்டு. கெல்ப் அதற்குத் தூரத்து உறவு.

மான்டெரேயில் அதிகம் இருப்பது மேக்ரோசிஸ்டிஸ் என்ற ராட்சத கெல்ப். அடியில் பாறையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, இலைக்கு ஒரு காற்றுப்பை என்று மேலே மேலே மிதந்து வரும். மேல்மட்டத்தை எட்டியும் நிற்காது. நீர்மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிடும். சாதகமான சூழலில் ஒரே நாளில் 30 செ.மீ. வளரும். அடியில் வேர் மாதிரி தெரிவது வேர் அல்ல, வெறும் பிடிப்பு. சத்தை இலை வழியாக நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் நைட்ரேட் நிறைந்த குளிர்ந்த நீர் வேண்டும். 20 டிகிரிக்கு மேல் சில வாரம் நின்றாலே வாடத் தொடங்கும். வங்கக்கடல் ஜனவரியிலேயே 26 டிகிரிப் பக்கம் இருக்கிறது, பிறகெங்கே வளர்வது?

குளிர்காலத்தில் போவது மடத்தனம் இல்லையா?

இல்லை. மான்டெரேயில் நீர் மிகக் குளிர்ந்திருப்பது வசந்த காலத்தில்தான். மார்ச் முதல் ஜூன் வரை வடமேற்குக் காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, ஆழத்துக் குளிர்நீர் மேலே ஏறும். டிசம்பர், ஜனவரியில் 11 முதல் 13 டிகிரி வரை எதிர்பார்க்கலாம். மிதவை உயிரிகள் குறைவு என்பதால் நீர் தெளிவாக இருக்கும். கோடையில் நாலைந்து மீட்டருக்கு மேல் தெரியாத இடத்தில், குளிர்காலத்து நல்ல நாளில் 10 மீட்டரும் அதற்கு மேலும் தெரியும். புயலில் கொஞ்சம் கெல்ப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும் என்பதால் நடுவில் வழி இருக்கும். முதல்முறை போகிறவருக்கு அடர்ந்த ஆகஸ்ட் காட்டைவிட இதுவே நல்லது.

குளிர்காலத்தின் கெட்ட குணம் அலை. அதைத் தனியாகச் சொல்கிறோம்.

நான் காசிமேட்டுப் பையன், பத்து வயசிலிருந்து கடலில் கிடக்கிறேன். கார்டு கட்டாயமா?

கட்டாயம். கார்டு இல்லாமல் அங்கே எந்த டைவ் கடையிலும் காற்று டேங்க் தரமாட்டார்கள். அடிப்படைப் பயிற்சிக்குத் தரும் ஓப்பன் வாட்டர் கார்டு போதும், 18 மீட்டர் வரை அனுமதி. மான்டெரேயில் பார்க்க வேண்டியதெல்லாம் பெரும்பாலும் 6 முதல் 15 மீட்டருக்குள் இருக்கிறது.

கார்டு மட்டும் போதுமா என்றால் போதாது. வெப்பநீரில் இருபது டைவாவது போட்டிருக்க வேண்டும், கடைசி டைவ் ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. இங்கே ஒரு சிக்கல்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் கடல் கலங்கிக் கிடக்கும், வாடைக் காற்றில் படகு இறக்குவதே பாடு. ஆகவே புதுச்சேரியிலோ கோவளத்திலோ பயிற்சி டைவ் போடுவதை செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். அங்கே போனதும் முதல் டைவுக்கு உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது காசைக் கரியாக்குவது ஆகாது.

பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். போகலாமா?

மருத்துவர் எழுத்தில் சொல்லாமல் போகாதீர்கள். குளிர்நீரில் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, இரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்கு ஒதுங்கும். இரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். இரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு நீருக்குள்ளேயே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. மூச்சு வாங்குவது, இருமல், நுரைத்த சளி ஆகியவை அதன் அடையாளம். 45 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் இங்கேயே பரிசோதனை செய்து, கையெழுத்திட்ட படிவத்துடன் போவது நல்லது. சளி பிடித்திருந்தால் அந்த வாரம் டைவ் கிடையாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுச் சமாளித்தால், அடியில் மருந்தின் வேகம் குறைந்து, மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

12 டிகிரி எப்படி இருக்கும் என்று இங்கேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, ஒரு வாளியில். மீன் கூடைக்காரர்களுக்கு ஐஸ் போடும் கடையில் 5 கிலோ ஐஸ் வாங்குங்கள். 28 டிகிரியில் இருக்கும் 30 லிட்டர் குழாய்த் தண்ணீரில் 5 கிலோ உடைத்த ஐஸைப் போட்டுக் கலக்கி, முழுக்கக் கரைந்ததும் பார்த்தால் ஏறக்குறைய 12 டிகிரி காட்டும். சமையலுக்கு வைத்திருக்கும் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெறுங்கையை முழங்கை வரை விடுங்கள். ஒரு நிமிடத்தில் எலும்பு வலிக்கும். மூன்று, நான்கு நிமிடத்தில் வலி மரத்துப் போகும். பத்து நிமிடம் கழித்து எடுத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். விரல் உங்கள் பேச்சைக் கேட்காது. குளிர் தாங்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையில் முதலில் கைவிடுவது உடம்பு அல்ல, விரல்தான். எடை பெல்ட்டின் கொக்கியைத் திறக்கவும், மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டையான பிசிடிக்குக் காற்றுவிடும் பொத்தானை அமுக்கவும் விரல் வேண்டும்.

அடுத்து 5 மி.மீ. கையுறை போட்டுக்கொண்டு இருபது நிமிடம் கையை உள்ளே வைத்து, நீருக்குள்ளேயே இவற்றைச் செய்யுங்கள்: கிளிப் மாட்டிக் கழற்றுவது, கொக்கியைத் திறந்து மூடுவது, கத்தரிக்கோலை உறையிலிருந்து எடுத்துத் திரும்பச் செருகுவது. கண்ணால் பார்க்காமல் வர வேண்டும். நான்கு நாள் தொடர்ந்து செய்தால் பழகிவிடும். இருதய நோய் உள்ளவர்கள் இந்த வாளி விளையாட்டையே தவிர்க்கவும்.

ஒரு எச்சரிக்கை: 7 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் டைவ் சூட் கடன் வாங்கி, திருவொற்றியூர் கடற்கரையில் மத்தியான வெயிலில் மாட்டிப் பார்க்க வேண்டாம். ஐந்து நிமிடத்தில் வெப்ப மயக்கம் வரும்.

வெட்சூட்டா, டிரைசூட்டா?

ஒரு வார இறுதிக்கு, கொஞ்சம் நீர் உள்ளே புகும் வெட்சூட் போதும். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். நாம் புதுச்சேரியில் போடும் 3 மி.மீ. சூட் இங்கே துணி போட்ட மாதிரிதான். 7 மி.மீ. கால்சட்டை, அதன்மேல் 7 மி.மீ. மேல்சட்டை என்று நெஞ்சுப் பகுதியில் இரண்டு அடுக்கு வருகிற வகையைக் கேளுங்கள். தலைக்கு ஹுட், கைக்கு 5 மி.மீ. கையுறை, காலுக்கு கெட்டியான அடி வைத்த பூட்ஸ். எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும்.

பொருத்தம்தான் முக்கியம். இடுப்பிலும் கழுத்திலும் தொளதொளவென்று இருந்தால், ஒவ்வொரு அசைவிலும் புதுக் குளிர்நீர் உள்ளே பாயும். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் பிடிக்கிற அளவு சரி. கழுத்தைப் பின்னால் வளைக்கும்போது தலை சுற்றினால் கழுத்து இறுக்கம், வேறு சைஸ் கேளுங்கள். ஹுட்டின் ஓரத்தை மேல்சட்டைக் கழுத்துக்குள் செருகுங்கள். வெளியே விட்டால் முதுகுத்தண்டு வழியாக ஐஸ் தண்ணீர் இறங்கும்.

நீரே புகாத டிரைசூட் சூடாக இருக்கும். ஆனால் உள்ளே காற்று காலுக்கு ஏறித் தலைகீழாக மேலே இழுத்துக்கொண்டு போகும் ஆபத்து உண்டு. பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள்.

எடை எவ்வளவு கட்டுவது? இங்கே நான் 5 கிலோதான் கட்டுவேன்.

அந்த 5 கிலோவோடு அங்கே போனால் உங்களால் இறங்கவே முடியாது. ரப்பருக்குள் இருக்கும் காற்றுக்குமிழிதான் வெட்சூட் தரும் கதகதப்பு. அதே குமிழிதான் மிதப்பும். 70 கிலோ ஆள், 7 மி.மீ. இரண்டடுக்கு, ஹுட், 11 லிட்டர் அலுமினிய டேங்க் என்றால் 12 முதல் 14 கிலோவில் தொடங்குங்கள். இரும்பு டேங்க் என்றால் 2 அல்லது 3 கிலோ குறையும். பாதியை இடுப்பு பெல்ட்டிலும் பாதியைக் கழற்றிவிடக்கூடிய பிசிடி பைகளிலும் பிரித்துப் போடுங்கள். 14 கிலோவையும் ஒரே பெல்ட்டில் கட்டினால், இரண்டாம் நாள் காலையில் இடுப்பு பேசும்.

சரிபார்ப்பது: கழுத்தளவு ஆழத்தில், பிசிடியை முழுக்கக் காலிசெய்து, சாதாரண மூச்சைப் பிடித்துக்கொண்டு, கை கால் அசைக்காமல் செங்குத்தாக நில்லுங்கள். நீர்மட்டம் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். மூச்சைவிட்டால் மெல்ல அமிழ வேண்டும். டேங்க் நிரம்பியிருக்கும்போது இதைச் செய்தால், அதன்பிறகு 2 கிலோ கூட்டுங்கள். ஏனென்றால் டைவ் முடிவதற்குள் நீங்கள் உறிஞ்சிய காற்றின் எடையே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். கூட்டாவிட்டால், கடைசி ஐந்து மீட்டரில் நிற்க முடியாமல் தக்கை மாதிரி மேலே போவீர்கள்.

பயமுறுத்துவது இனிமேல்தான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும், ரப்பர் நசுங்கிப் பாதித் தடிமனை நெருங்கும். மேலே உங்களைத் தாங்கிய மிதப்பில் சில கிலோ அங்கே காணாமல் போகும். இறங்க இறங்கப் பிசிடியில் சின்னச் சின்னதாகக் காற்று விட வேண்டும், ஏறும்போது அதையே சின்னச் சின்னதாக வெளியேற்ற வேண்டும். 3 மி.மீ. சூட்டில் மூச்சிலேயே சமாளித்துப் பழகியவர்கள் இதை மறந்து, முதல் டைவில் தரையில் முட்டுவார்கள், இரண்டாவது டைவில் மேலே பறப்பார்கள். தடிமன் நசுங்குவதால் சூடும் குறையும். 18 மீட்டரில் அரைமணி நேரம் என்பதைவிட 9 மீட்டரில் அரைமணி நேரம் பல மடங்கு சுகம்.

அங்கே எல்லாம் பவுண்டு, அடி என்கிறார்களே?

இதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். 1 கிலோ என்பது 2.2 பவுண்டு, ஆகவே 13 கிலோ ஈயம் ஏறக்குறைய 29 பவுண்டு. 33 அடி 10 மீட்டர். நிறைந்த அலுமினிய டேங்கின் காற்றழுத்தம் 3000 பி.எஸ்.ஐ., அதாவது 207 பார். 1000 பி.எஸ்.ஐ. 69 பார், 500 பி.எஸ்.ஐ. 34 பார். தண்ணீர் 52 டிகிரி என்றால் ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 11.

அலை பார்க்கத் தெரியும். அங்கேயும் அதே கண்ணு போதாதா?

பாதிதான் போதும். நம் பக்கம் மார்கழியில் எழும் அலை பெரும்பாலும் பக்கத்துக் காற்று கிளப்பியது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் ஆறு, ஏழு விநாடி. கலிஃபோர்னியாவில் குளிர்கால அலை வட பசிபிக் புயலில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருவது. இடைவெளி 14 முதல் 18 விநாடி. கரையில் காற்றே இருக்காது, வெயில் அடிக்கும், கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். பத்து நிமிடத்துக்கொருமுறை நான்கைந்து பெரிய அலை வரிசையாக வந்து பாறையை மூடிவிட்டுப் போகும். கள்ளக்கடல் என்று எச்சரிக்கை விடுகிறார்களே, ஏறக்குறைய அதே குணம்.

ஆழத்திலும் வித்தியாசம் உண்டு. ஓர் அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வரை நீரை ஆட்டும். 6 விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் 56 மீட்டர். 28 மீட்டருக்குக் கீழே அது தெரியாது. 16 விநாடி அலையின் நீளம் 400 மீட்டர். 200 மீட்டர் ஆழம் வரை எட்டும். ஆக, 12 மீட்டரில் நீங்களும் கெல்ப்பும் மீனும் சேர்ந்து இரண்டு மீட்டர் முன்னே, இரண்டு மீட்டர் பின்னே என்று ஊஞ்சலாடுவீர்கள். எதிர்த்து உதைக்காதீர்கள். போகிற திசைக்கு இழுக்கும்போது உதையுங்கள், எதிர்த்திசைக்கு இழுக்கும்போது சும்மா இருங்கள்.

முந்தின இரவு, மான்டெரேக்கு வெளியே கடலில் இருக்கும் 46042 என்ற எண்ணுள்ள மிதவை காட்டும் அலை அளவைப் பாருங்கள். உயரத்தோடு இடைவெளியையும் சேர்த்துப் படியுங்கள். 2.5 மீட்டர், 15 விநாடி என்று காட்டினால், புதியவர்கள் மறைவான இடத்துக்கு மட்டும் போகலாம், அல்லது போகாமலே இருக்கலாம். காலையில் கரையில் நின்று இருபது நிமிடம் கடிகாரத்தோடு பாருங்கள். நீங்கள் இறங்கப்போகும் இடத்தில் மிகப் பெரிய வரிசை என்ன செய்கிறது என்று பார்க்காமல் சூட் போடாதீர்கள்.

எங்கே இறங்குவது?

முதல் டைவுக்கு சான் கார்லோஸ் கடற்கரை. எல்லோரும் பிரேக்வாட்டர் என்றே சொல்வார்கள். நம் தூண்டில் வளைவு மாதிரி நீண்ட கருங்கல் சுவர் ஒரு பக்கம் மறைத்து நிற்கிறது. மணல் இறக்கம், பக்கத்திலேயே வண்டி நிறுத்தம். சுவரை ஒட்டி நீந்தினால் கெல்ப், நண்டு, மேலே கல்லில் கத்திக்கொண்டிருக்கும் கடற்சிங்கங்கள். சுவரைவிட்டு விலகி, தரையில் கிடக்கும் பழைய குழாயைப் பிடித்துக்கொண்டு போனால், 15 மீட்டர் அளவில் வெள்ளைக் கடற்சாமந்திகள் மூடிய பாறைகள் வரும். முழங்கால் உயரத் தண்டு, உச்சியில் காலிஃபிளவர் மாதிரி தலை. குழாயைத் தவறவிட்டால் மணல்வெளிதான். ஆகவே திசைகாட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாளுக்கு பாயின்ட் லோபோஸ். பாதுகாக்கப்பட்ட பகுதி, முன்பதிவு வேண்டும், கார்டைக் காட்ட வேண்டும், தனியாள் கிடையாது. அங்கே இறங்கும் இடமான வேலர்ஸ் கோவ் சரிவுப்பாதையில் பாசி வழுக்கும். குனிந்து, கால் அகற்றி, பூனைநடை.

மொனாஸ்டரி கடற்கரை அழகாக இருக்கும், கார்மெல் ஊரின் தெற்கே சாலையை ஒட்டியே இருக்கும். போகாதீர்கள். பருமணல் செங்குத்தாக இறங்குகிறது. அலை உடைந்து காலை வாரி, 14 கிலோ ஈயத்தோடு கிடப்பவரை அடுத்த அலை மூடும். அங்கே டைவர்கள் செத்திருக்கிறார்கள், உள்ளூரில் அதற்கு வேறு பெயரே உண்டு: பிணவறைக் கடற்கரை.

கெல்ப்பில் மாட்டிக்கொண்டால்?

மாட்டுவது சகஜம், சாவது அபூர்வம். சாகிறவர் பெரும்பாலும் பதற்றத்தில்தான் சாகிறார். மாட்டிய உணர்வு வந்ததும் செய்யும் முதல் தவறு, எங்கே மாட்டியது என்று பார்க்கத் திரும்புவது. ஒரு சுற்று சுற்றினால் ஒரு கொடி, இரண்டு சுற்றில் கயிறு.

அப்படியே நில்லுங்கள். ஒரு மூச்சு முழுதாக இழுத்து விடுங்கள். வந்த வழியே அரை மீட்டர் பின்னால் நகருங்கள். பாதி நேரம் அதிலேயே கழன்றுவிடும். கழலாவிட்டால் கையைப் பின்னால் கொண்டுபோய், டேங்க் வால்வைத் தடவிப் பாருங்கள், அதிகம் மாட்டுவது அங்கேதான். கூட்டாளிக்குச் சைகை காட்டுங்கள். அவர் பத்து விநாடியில் எடுத்துவிடுவார். கொடியை இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், அறாது. கொத்தவரங்காய் ஒடிப்பது போல் மடித்து ஒடியுங்கள், பட்டென்று முறியும். கத்தரிக்கோல் கடைசிக்கு. கத்தி வேண்டாம், மரத்த கையில் கத்தி பிடித்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வீசி, தன் மூச்சுக் கருவியான ரெகுலேட்டரின் குழாயையே அறுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

மாட்டாமல் இருக்க, கரையிலேயே ஐந்து நிமிடம் செலவழியுங்கள். ஸ்நார்க்கலை மாஸ்க்கிலிருந்து கழற்றிப் பைக்குள் வையுங்கள். தொங்கும் காற்றழுத்த மீட்டர், இரண்டாவது ரெகுலேட்டர் எல்லாம் நெஞ்சோடு கிளிப். துடுப்புக் காலணியான ஃபின்னில், பட்டையின் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை உள்பக்கமாகத் திருப்புங்கள், அல்லது டேப் சுற்றுங்கள். கணுக்காலில் எதையும் கட்டாதீர்கள். இடைவெளி பார்த்து, கால் கீழாக, நின்றபடியே இறங்குங்கள்.

மேலே வரும்போது தலைக்குமேல் பாய் மாதிரி மூடியிருந்தால்?

அதனால்தான் காற்று மிச்சம் வைத்து, கெல்ப்புக்கு அடியிலேயே நீந்திக் கரைப்பக்கம் வந்துவிட வேண்டும் என்கிறோம். மேலே பாருங்கள்: வெளிச்சம் நீலமாகத் தெரிவது இடைவெளி, பழுப்பாகத் தெரிவது கூரை. இடைவெளிக்கு நேர்கீழே வந்து, ஒரு கையை உயர்த்தி, நேராக ஏறுங்கள்.

நடுக்கூரையில்தான் தலை வந்தது என்றால் கெல்ப்மேல் தவழ வேண்டும். பிசிடியில் பாதிக் காற்று, குப்புறப் படுத்த நிலை, ரெகுலேட்டர் வாயில். கையை முன்னே நீட்டிக் கெல்ப்பை அமுக்கி, அதன்மேல் உடம்பை இழுத்துக்கொண்டு வாருங்கள். கால் அசையக் கூடாது. உதைத்தால் ஃபின் மாட்டும். பத்து மீட்டர் தவழ்ந்தாலே மூச்சு வாங்கும், முடிந்தால் மறுபடி இறங்கி அடியில் வருவதே மேல்.

ஒரு டேங்க் எத்தனை நிமிடம் வரும்?

இங்கே வருவதைவிடக் குறைவு. குளிரில் மூச்சு வேகமாகும், கனமான சூட்டில் உழைப்பும் கூடும். 11 லிட்டர் டேங்கில் 207 பார் என்றால் ஏறக்குறைய 2300 லிட்டர். 50 பாரைத் தொடாமல் வைத்தால் மிச்சம் 1750. மேல்மட்டக் கணக்கில் நிமிடத்துக்கு 18 லிட்டர் மூச்சுவிடுகிறவர் 10 மீட்டரில் 36 லிட்டர் செலவழிப்பார், 48 நிமிடம் வரும். குளிரில் அது 25 லிட்டராக ஏறினால் 50 லிட்டர் செலவு, 35 நிமிடம்தான். 1500 பி.எஸ்.ஐ. காட்டும்போது திரும்புங்கள். 1000-க்குக் கீழே போவதற்குள் கரையோரத்துக்கு வந்திருக்க வேண்டும், 700-இல் மேலே.

ரெகுலேட்டர் உறைந்துவிடுமாமே?

12 டிகிரியில் அபூர்வம். 10-க்குக் கீழேதான் கவலை. ஆனாலும் குளிர்நீருக்கு ஏற்றது என்று குறித்த ரெகுலேட்டரையே வாடகைக்குக் கேளுங்கள். கரையில் நின்று பொத்தானை அமுக்கி விளையாடாதீர்கள். விரிகிற காற்று குளிரும், வால்வில் ஈரம் உறையும். காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கினால், வாயின் ஓரத்தில் தளர்த்திப் பிடித்து, வேண்டியதை மட்டும் உறிஞ்சிக்கொண்டு கூட்டாளியோடு நிதானமாக மேலே வாருங்கள்.

எப்போது போதும் என்று முடிப்பது?

நடுக்கம் ஒருமுறை வந்து போனால் பரவாயில்லை. வந்தது நிற்கவில்லை என்றால் டைவ் முடிந்தது. சுண்டுவிரலால் கட்டைவிரலைத் தொட முடியவில்லை என்றாலும் முடிந்தது. கூட்டாளி சைகைக்குத் தாமதமாகப் பதில் சொல்கிறாரா என்றும் கவனியுங்கள். குளிர் ஏறிய ஆளுக்குத் தனக்குக் குளிர் ஏறியது தெரியாது.

மேலே வந்ததும் காற்று புகாத கோட் ஒன்றைச் சூட்டின் மேலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஸ்க் இரண்டு வேண்டும்: ஒன்றில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அடுத்த டைவுக்கு முன் கையுறையிலும் ஹுட்டிலும் ஊற்ற, இன்னொன்றில் குடிக்க. மிளகு ரசத்தை மிஞ்சியது எதுவும் இல்லை. தேநீரைவிட ஒருபடி மேல், உப்பும் இருக்கிறது. கொதிக்கும் ஷவருக்கு உடனே ஓடாதீர்கள். டைவில் மூச்சோடு உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் குளிர்ந்த உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். தோல் திடீரென்று சூடானால் அங்கே குமிழி உருவாகும். ஒரு மணி நேரம் போகட்டும். ஆழமும் நேரமும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரை வழக்கத்தைவிட ஒரு படி எச்சரிக்கையான நிலையில் வையுங்கள். மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் எது வந்தாலும் தூங்கிப் பார்க்கலாம் என்று இருக்காமல் அங்கத்து அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள்.

கடல் நீர்நாய் பக்கத்தில் வந்தால் தொடலாமா? எதையாவது எடுத்து வரலாமா?

இரண்டும் கூடாது. கடல் நீர்நாய், சீல், கடற்சிங்கம் எல்லாம் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. தொந்தரவு செய்வதே குற்றம். சீல் தானாக வந்து ஃபினைக் கடித்து விளையாடும், கையைச் சுருக்கிக்கொண்டு சும்மா இருங்கள். பாறையில் ஒட்டியிருக்கும் அபலோனி சிப்பியைப் பெயர்த்தால் அபராதத்தோடு போகாது.

காடே அழிந்துவிட்டது என்கிறார்களே?

பாதி உண்மை. 2013 முதல் நட்சத்திர மீன்களைக் கரைத்துக் கொன்ற நோய் பரவியது; கடல் முள்ளெலியை (sea urchin) தின்னும் சூரியகாந்தி நட்சத்திர மீன் அதில் ஏறக்குறைய ஒழிந்தது. 2014 முதல் 2016 வரை கடல் சூடேறியது. முள்ளெலி பெருகிக் கெல்ப்பை அடியோடு மேய்ந்தது. கலிஃபோர்னியாவின் வடகரையில் ‘bull kelp’ என்ற வேறு இனக் கெல்ப் காடு 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. மான்டெரேயில் திட்டுத்திட்டாக இழப்பு. முள்ளெலியைத் தின்னும் நீர்நாய் இருக்கும் இடங்களில் காடு பிழைத்திருக்கிறது. எந்த இடத்தில் இப்போது அடர்த்தி என்று டைவ் கடையில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கலிஃபோர்னியாவில் யாரும் இல்லை. வேறு எங்கே போகலாம்?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். அங்கே குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அந்த மாதங்களில் அடிக்கும் வடமேற்குக் காற்று ஃபால்ஸ் பே பக்கம் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் நீர் அடங்கித் தெளிந்திருக்கும், 13 முதல் 15 டிகிரி. கெல்ப் வேறு இனம்: மூங்கில் மாதிரி உள்ளீடற்ற தடித்த ஒற்றைத் தண்டு, உச்சியில் இலைக்கொத்து. கொடி குறைவு என்பதால் மாட்டுவதும் குறைவு.

பெட்டியில் என்ன எடுத்துப் போவது?

மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர், புது பேட்டரி, கார்டு, மருத்துவப் படிவம். ஸ்கூபாவுக்கும் செல்லும் காப்பீடுதானா என்று எழுத்தில் பாருங்கள்; சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் அது விலக்கு. கத்தரிக்கோல் சரக்குப் பெட்டியில், கைப்பையில் அல்ல. ஈயமும் டேங்கும் அங்கேயே. உள்ளே போட இறுக்கமான தெர்மல் பனியன், கால்சட்டை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தேடினால் கிடைக்கும். ஆனால் அவை கரையில் போடத்தான். வெட்சூட்டுக்குள் பருத்தி போட்டால் சூட் ஒட்டாது, குளிர்நீர் புகும்.

வீட்டார் டைவ் பண்ணமாட்டார்கள். அவர்களை என்ன செய்வது?

பிரேக்வாட்டரிலிருந்து நடக்கும் தூரத்தில் 1984-இல் திறந்த மான்டெரே பே அக்வேரியம். 8.5 மீட்டர் உயரக் கண்ணாடித் தொட்டிக்குள் உயிருள்ள கெல்ப் காடு, உண்மையான கடல்நீரில். அப்பா அம்மாவை அங்கே இரண்டு மணி நேரம் உட்காரவைக்கலாம். உள்ளே போகும் முன் கூட்டாளியும் நீங்களும் எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்பதை அவர்களில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டும். கடைசி டைவ் இரண்டு மணிக்குள் இறங்கியாக வேண்டும்.

ஞாயிறு டைவ், திங்கள் காலை சென்னை விமானம். சரியா?

உடம்பில் தங்கிய நைட்ரஜன் போக, பல டைவ்களுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. குளிர்நீர் என்பதால் 24 வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கரையேறினால், திங்கள் மதியத்துக்குப் பிறகு புறப்படும் விமானம். காலை விமானம்தான் கிடைத்தது என்றால் ஞாயிறு டைவை விட்டுவிடுங்கள்.